வாங்கிய கேஸ், துண்டு கேஸ், நம் ஊர் கேஸ்: உங்கள் வகுப்புக்கு எது?

ஜூன் பிறந்தால் எனக்கு இளம் ஆசிரியர்களிடமிருந்து வரும் போன்களில் பாதி ஒரே விஷயம்தான். "சார், இந்த செமஸ்டர் கேஸ் ஸ்டடி வைத்து நடத்தச் சொல்லிவிட்டார் துறைத் தலைவர். ஹார்வர்டு கேஸ் வாங்கலாமா, இல்லை நாமே ஒன்று எழுதிவிடலாமா?" ஒருவர் எம்.பி.ஏ. எடுப்பார், இன்னொருவர் இன்ஜினீயரிங்கில் தொழில்நெறிப் பாடம் எடுப்பார், மற்றொருவர் நர்சிங் கல்லூரியில் இருப்பார். அறை மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: 60 பிள்ளைகள், 50 நிமிட பீரியட், நகர்த்த முடியாத பெஞ்சுகள்.

போனில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. விலைக்கு வாங்கும் முழு கேஸ், தாள் தாளாகப் பிரித்துக் கொடுக்கும் துண்டு கேஸ், நாமே எழுதும் நம் ஊர் கேஸ் என்ற மூன்று வழிகளையும் 14 வருடமாக மாற்றி மாற்றி நடத்திப் பார்த்திருக்கிறேன். எது எங்கே கைகொடுத்தது, எது எங்கே காலை வாரியது என்பதை நிதானமாக எழுதிவிடுகிறேன்.

## முதலில், எதை வைத்து அளப்பது?

கேஸ் என்பது ஒருவர் முடிவெடுக்க வேண்டிய நிலைமையை விவரித்து, வகுப்பில் விவாதிக்கக் கொடுக்கும் பாடம். கதையில் முடிவு தானாக வரும். கேஸில் அதை மாணவர்தான் எடுக்க வேண்டும். ஒரு டாக்டரோ இன்ஜினீயரோ முதலாளியோ உட்கார்ந்திருந்த நாற்காலியில் பிள்ளையை உட்காரவைத்து, "இப்போது உங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான், நாளைக்குள் சொல்லியாக வேண்டும், என்ன செய்வீர்கள்?" என்று கேட்கிறோம். முழுதாகத் தெரியாமலே ஒரு பக்கம் சாய வேண்டிய அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

ஆகவே என் முதல் அளவுகோல் இது: அந்த நிமிடங்கள் உங்கள் அறையில் எத்தனை பேருக்கு வாய்க்கும்? முன்வரிசையில் ஆறு பேர் பேசி, மீதி 54 பேர் வேடிக்கை பார்த்தால் நாம் கேஸ் நடத்தியது ஆறு பேருக்குத்தான். மற்ற அளவுகோல்களை எல்லாம் இதற்கு அடுத்த வரிசையில்தான் வைப்பேன்.

இரண்டாவது, படித்துவிட்டு வருவார்களா? பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த பிள்ளை ஆங்கிலத்தில் 15 பக்கத்தை இரவில் ஹாஸ்டலில் உட்கார்ந்து படித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு தடவை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நான் பார்த்தேன். கெட்டிக்காரப் பெண், இரண்டு மணி நேரத்தில் ஏழாம் பக்கத்தில் இருந்தாள்.

மூன்றாவது, விடை வெளியே கிடைக்கிறதா? பிரபலமான கேஸ் என்றால் தீர்வு இணையத்தில் எப்போதோ வந்துவிட்டது. வராவிட்டாலும் முந்தின நாளே கேஸைக் கையில் கொடுத்தால் சாட்ஜிபிடியில் போட்டு நாலு பாயின்ட் எடுத்து வந்துவிடுவார்கள். அப்புறம் வகுப்பில் நடப்பது ஒப்பித்தல்.

நான்காவது, ஆசிரியரின் உழைப்பு. முதல் தடவை எவ்வளவு, அடுத்த வருடம் எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பணமும் தேர்வும் கடைசியில் வருகின்றன. எம்.பி.ஏ. தேர்வுத்தாளின் முடிவில் வரும் கேஸ் கேள்வி சுருக்கமாக இருக்கும். தலைப்பு போட்டு விடை எழுத வேண்டும். வகுப்பில் செய்வது அப்படியே அங்கே உதவும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பயிற்சியைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

ஒரே பார்வையில் இப்படி:

| அளவுகோல் | வாங்கிய முழு கேஸ் | துண்டு கேஸ் | நாமே எழுதும் கேஸ் |
|---|---|---|---|
| 60 பேரும் முடிவு எடுப்பார்களா | கஷ்டம் | பெரும்பாலும் ஆம் | ஆம், பேச்சும் அதிகம் வரும் |
| வீட்டில் படிக்க வேண்டியது | 10 முதல் 20 பக்கம் | எதுவுமில்லை | 2 அல்லது 3 பக்கம் |
| விடை வெளியே கிடைக்குமா | பெரும்பாலும் கிடைக்கும் | தேட நேரம் இருக்காது | கிடைக்காது |
| முதல் தடவை உழைப்பு | 2, 3 நாள் | ஒரு வாரம் | 2, 3 மாதம் |
| அடுத்த வருடம் | குறைவு | மிகக் குறைவு | குறைவு, ஆனால் புதுப்பிக்க வேண்டும் |
| பணம் | தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் | ஜெராக்ஸ் செலவு | பஸ் செலவும் நேரமும் |
| எங்கே காலை வாரும் | படிக்காமல் வந்தால் | ஆசிரியர் அவசரப்பட்டால் | சம்பந்தப்பட்டவர் மனம் மாறினால் |

## விலைக்கு வாங்கும் முழு கேஸ்

1870இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரிக்கு டீனாக வந்த கிறிஸ்டோபர் கொலம்பஸ் லாங்டெல், சட்ட விதிகளை ஒப்பிக்கவைப்பதை விட்டு, நீதிமன்றத் தீர்ப்புகளையே கையில் கொடுத்து வகுப்பில் கேள்வி கேட்க ஆரம்பித்தார். 1908இல் தொடங்கிய ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் இந்த வழியை வணிகப் படிப்புக்குக் கொண்டுபோனது. 1921இல் எழுதப்பட்ட அவர்களுடைய முதல் கேஸ் ஒரு செருப்புக் கம்பெனியைப் பற்றியது. வேலை நேரம் முடிவதற்கு முன்பே தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிடுகிறார்கள், ஏன், என்ன செய்யலாம் என்பதுதான் பிரச்சினை. அந்தக் கேஸ் மொத்தமே ஒரு பக்கம். கேஸ் என்றால் தடிமனாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களிடம் இதை முதலில் சொல்வேன்.

பிறகு வந்த நீளமான கேஸ்கள் எல்லாம் அவர்களுடைய அறைக்கு அளவெடுத்துத் தைத்தவை. அங்கே ஒரு வகுப்பு 80 நிமிடம். ஏறக்குறைய 90 பேர் அடுக்கடுக்கான வளைந்த இருக்கைகளில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய உட்காருவார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் பெயர் அட்டை இருக்கும். மார்க்கில் பாதிவரை வகுப்பில் பேசுவதற்கே போகும். இரண்டு வருடத்தில் சுமார் 500 கேஸ். படிக்காமல் வந்து மாட்டிக்கொள்ளும் பயமே அங்கே பாதி ஆசிரியர். 1961இல் தொடங்கிய அகமதாபாத் ஐ.ஐ.எம். ஹார்வர்டுடன் சேர்ந்து இந்த முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது, கேஸோடு சேர்த்து அதற்கான வகுப்பறைப் பழக்கத்தையும் கொண்டுவந்தது. நாமோ கேஸை மட்டும் வாங்குகிறோம்.

ஆனாலும் வாங்கிய கேஸுகளில் சில, மறக்க முடியாதவை. ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல கேஸ் எப்படி வேலை செய்கிறது என்பது இதில் தெரியும்.

கார்ட்டர் ரேசிங் என்று ஒரு கார்ப் பந்தய அணி. 24 பந்தயங்களில் 7 தடவை எஞ்சின் கேஸ்கெட் (எஞ்சினின் இணைப்புகளில் கசியாமல் அடைக்கும் தகடு) போய்விட்டது. இன்றைக்குப் பெரிய பந்தயம், ஸ்பான்ஸர் காத்திருக்கிறார், டிவியில் நேரடி ஒளிபரப்பு. ஆனால் கடுங்குளிர். குளிருக்கும் கேஸ்கெட்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று ஒரு மெக்கானிக் சந்தேகப்படுகிறார். ஓடலாமா, வேண்டாமா? கேஸில் கொடுத்திருக்கும் படத்தில் எஞ்சின் போன அந்த 7 நாளின் வெப்பநிலை மட்டும் இருக்கும். அதைப் பார்த்தால் குளிருக்கும் பழுதுக்கும் ஒரு சம்பந்தமும் தெரியாது. பெரும்பாலான பிள்ளைகள் "ஓடலாம்" என்பார்கள். "இன்னும் ஏதாவது தகவல் வேண்டுமென்றால் கேளுங்கள்" என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். எஞ்சின் நன்றாக ஓடிய மீதி 17 நாளின் வெப்பநிலை என்ன என்று கேட்பவர் மிக அபூர்வம். கேட்டால் கொடுப்பேன். அதைச் சேர்த்துப் பார்த்தால், குளிர்ந்த நாளில் நன்றாக ஓடிய பந்தயம் ஒன்றுகூட இல்லை என்பது பளிச்சென்று தெரியும்.

அது பந்தயக் கணக்கே இல்லை. 1986 ஜனவரி 28 அன்று கிளம்பிய 73ஆவது விநாடியில் உடைந்து ஏழு பேரோடு விழுந்த சேலஞ்சர் விண்கலத்தின் ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையக் கணக்கு அது. முந்தின இரவு இன்ஜினீயர்கள் குளிரைச் சொல்லித் தடுத்தும் மேலே இருந்தவர்கள் அனுப்பினார்கள். இதைச் சொல்லும்போது "ஓடலாம்" என்று கை தூக்கிய 50 பேரின் முகத்தைப் பார்க்க வேண்டும். தரவு என்றால் கையில் கொடுத்தது மட்டும் இல்லை, கேட்டு வாங்க வேண்டியதும் சேர்ந்துதான் என்பது அன்றைக்கு உறைத்துவிடும். எத்தனை புள்ளியியல் லெக்சர் எடுத்தாலும் இது வராது.

சரி, இதில் மறைந்திருக்கும் செலவு என்ன? கேஸில் வெப்பநிலை எல்லாம் ஃபாரன்ஹீட்டில் இருக்கும். பந்தய நாளில் 40 டிகிரி வாக்கில். நமக்கு 40 டிகிரி என்றால் கத்திரி வெயில். முதல் வருடம் இதைக் கவனிக்காமல் கொடுத்துவிட்டேன். கால் மணி நேரம் கழித்துத்தான் பாதி வகுப்பு தலைகீழாகப் புரிந்துகொண்டிருப்பது தெரிந்தது. கார்ப் பந்தயம் என்றால் என்ன, ஸ்பான்ஸர் விலகினால் என்ன நஷ்டம் என்று விளக்க இன்னும் பத்து நிமிடம் போனது. வேறு நாட்டுக் கேஸ் எதை எடுத்தாலும் இந்தச் செலவு உண்டு. பீரியடில் கால்பங்கு அதற்கே போகும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஒரு செக்‌ஷனில் நடத்திவிட்டால் அடுத்த செக்‌ஷனுக்கு மத்தியானத்துக்குள் விஷயம் போய்விடும். இரண்டு செக்‌ஷன் என்றால் ஒரே நாளில், அடுத்தடுத்த பீரியடில் முடித்துவிட வேண்டும்.

நம் ஊரைப் பற்றிய கேஸ் வாங்கினால் இந்தச் சிக்கல் வராதே என்று கேட்கலாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி ஹார்வர்டு 1993இல் வெளியிட்ட கேஸ் உலகம் முழுக்க நடத்தப்படுகிறது. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு தொடங்கியது. அருமையான கேஸ். ஆனால் மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தால் அது ஜெயித்தது என்பது முதல் வரியிலேயே தெரியும். பாட்டிக்கு அங்கேதான் ஆபரேஷன் நடந்திருக்கும். "இது சரிப்பட்டு வருமா?" என்ற கேள்விக்கு உயிர் இருக்காது. நான் அதை வேறு மாதிரி திருப்பிக்கொண்டேன். காலத்தை 1992க்கு முன்னால் நிறுத்தி, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இறக்குமதி செய்துகொண்டே இருப்பதா, நாமே தயாரிப்பதா என்று மட்டும் கேட்டேன். 1992இல் அவர்கள் ஆரோலேப் தொடங்கியது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்போது வாதம் சூடுபிடித்தது.

பண விஷயம்: மாணவர் ஒருவருக்கு இவ்வளவு டாலர் என்று கட்டணம் வரும். ஒரு பிரதி வாங்கி 60 ஜெராக்ஸ் எடுப்பது திருட்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். பணம் இல்லையென்றால் எம்.ஐ.டி. ஸ்லோன் இலவசமாகக் கொடுக்கும் கேஸுகளைப் பாருங்கள். வாங்கும் கேஸில் ஒரு பெரிய வசதி, ஆசிரியருக்கென்று தனியாக வரும் குறிப்பு. எந்தக் கேள்வியில் தொடங்குவது, போர்டில் எதை எங்கே எழுதுவது என்பதுவரை இருக்கும். புதிதாக வந்தவர் கேஸைவிட அந்தக் குறிப்பைப் படித்துத்தான் அதிகம் கற்றுக்கொள்வார்.

இதைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள்: கடைசி செமஸ்டர், 30 பேருக்குக் குறைந்த விருப்பப் பாடம், இரண்டு பீரியடைச் சேர்த்து வாங்க முடிந்தவர்கள். நிதிப் பாடம் போல, பெரிய அட்டவணைகளில் மூழ்கி எடுக்க வேண்டிய பாடம் என்றாலும் இதற்கு மாற்று இல்லை.

## துண்டு துண்டாகக் கொடுக்கும் கேஸ்

அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியராக இருந்த கிளைட் ஹெரைட் அறிவியல் வகுப்புகளுக்காகப் பரப்பிய முறை இது. கேஸை முழுதாகக் கொடுப்பதில்லை. ஒரு தாள், கொஞ்சம் பேச்சு, ஒரு முடிவு. அப்புறம் அடுத்த தாள். ஆராய்ச்சி செய்பவருக்கும் நோய் பார்ப்பவருக்கும் தகவல் அப்படித்தானே வருகிறது, கொஞ்சம் கொஞ்சமாக.

என்னைக் கேட்டால் நம் அறைக்கு இதுதான் முதல் தேர்வு. நான் வருடா வருடம் நடத்தும் ஒன்றைத் தாள் வாரியாகச் சொல்கிறேன். அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

முதல் தாள்: 1854 ஆகஸ்ட் கடைசி, லண்டன் சோஹோ பகுதி. பிராட் ஸ்ட்ரீட்டைச் சுற்றிக் காலரா. சில நாட்களில் நூற்றுக்கும் மேல் சாவு. கெட்ட காற்றால்தான் நோய் பரவுகிறது என்பது அன்றைய டாக்டர்களில் பெரும்பாலோர் நம்பிக்கை. அந்தத் தெருக்களில் நாற்றமும் உண்மைதான். நீங்கள் அந்தப் பகுதி நிர்வாகக் குழுவில் இருக்கிறீர்கள். என்ன செய்வீர்கள்? ஒரு வரி எழுதிப் பெயர் போட்டுக் கொடுங்கள்.

இந்த "எழுதிப் பெயர் போட்டு" என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். 60 பேரும் ஒரு பக்கம் சாய்வது அந்த ஒரு வரியில்தான். பேசத் தயங்கும் பிள்ளையும் எழுதிவிடுவாள்.

இரண்டாம் தாள்: ஜான் ஸ்னோ என்ற டாக்டர் பின்னால் தயாரித்த வரைபடம். செத்தவர்கள் இருந்த வீடுகள் கறுப்புக் கோடுகளாக, ஒரு தெருப் பம்பைச் சுற்றி அடர்ந்து கிடக்கும். உடனே வகுப்பு "பம்ப்தான்!" என்று கத்தும். ஒரு வருடம் ஒரு மாணவி எழுந்து, "பம்பைச் சுற்றித்தான் சாவு அதிகம் என்றால், அந்த இடத்துக் காற்றும் கெட்டிருக்கலாமே சார்?" என்றாள். அவள் சொன்னது முழுக்கச் சரி. வரைபடம் மட்டும் தண்ணீரையும் காற்றையும் பிரித்துக் காட்டாது. பாடப் புத்தகங்கள் பலவற்றில் வரைபடத்தோடு கதை முடிந்துவிடுகிறது; வகுப்பு அங்கே முடியக் கூடாது.

மூன்றாம் தாள்: அதே தெருவில் ஒரு பீர் ஆலை. தொழிலாளர்கள் சுமார் 70 பேர், யாரும் சாகவில்லை. ஆலைக்குச் சொந்தக் கிணறு உண்டு. குடிக்கப் பீரும் கிடைத்தது. பக்கத்தில் ஏழைகள் விடுதி. 535 பேர் இருந்த இடத்தில் 5 பேர்தான் இறந்தார்கள். அங்கேயும் சொந்தக் கிணறு. இப்போது காற்றுக் கட்சிக்காரர்கள் தடுமாறுவார்கள், ஆனால் எல்லோரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். விடவும் சொல்லாதீர்கள்.

நான்காம் தாள்: சில மைல் தள்ளி ஹாம்ஸ்டெட்டில் ஒரு விதவை காலராவில் இறக்கிறார். அந்தப் பக்கம் காலராவே இல்லை. முன்பு பிராட் ஸ்ட்ரீட் பக்கம் இருந்தவர். அந்தப் பம்புத் தண்ணீரின் ருசிக்காகத் தினமும் வண்டியில் வரவழைத்துக் குடித்தவர். அவர் வீட்டுக்கு வந்து அதே தண்ணீரைக் குடித்த உறவுக்காரப் பெண்ணும் இறந்தார். காற்று அவ்வளவு தூரம் வண்டியில் போகாது. வகுப்பு அமைதியாகிவிடும்.

இங்கேதான் மறுபடி நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். "டாக்டர் ஸ்னோ உங்களிடம் வந்து பம்பின் கைப்பிடியைக் கழற்றச் சொல்கிறார். கழற்றினால் ஜனங்களுக்குப் பழகிய தண்ணீர் போகும். நோய் எப்படியும் குறைய ஆரம்பித்துவிட்டது. கிருமி என்று ஒன்றை யாரும் ஒத்துக்கொள்ளாத காலம். கழற்றுவீர்களா?" மறுபடி ஒரு வரி, பெயரோடு.

ஐந்தாம் தாள்: செப்டம்பர் 8ஆம் தேதி கழற்றினார்கள். மொத்தம் 616 பேர் இறந்தார்கள். ஸ்னோ சொன்னது தவறு என்று நிரூபிக்கக் கிளம்பிய ஹென்றி ஒயிட்ஹெட் என்ற பாதிரியார், தெருத் தெருவாக விசாரித்துக் கடைசியில் அவர் பக்கமே வந்தார். பம்புக்குப் பக்கத்து வீட்டில் வயிற்றுப்போக்கால் இறந்த கைக்குழந்தையின் துணி அலசிய நீர், கிணற்றை ஒட்டிய மலக்குழியில் கொட்டப்பட்டதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். தான் நம்பியதை விட்டுவிட்டு எதிராளியின் பக்கம் வந்த அந்த மனிதரைப் பற்றிப் பிள்ளைகள் ஸ்னோவைவிட அதிகம் கேட்பார்கள்.

ஐந்து தாள், தாளுக்குச் சராசரி எட்டு நிமிடம் என்று போட்டால் 40 நிமிடம். அட்டெண்டன்ஸ் எடுத்தும் மீதி இருக்கும்.

மறைந்த செலவு இதிலும் உண்டு. ஆசிரியருக்குப் பொறுமை வேண்டும். மூன்றாம் தாளிலேயே விடையைச் சொல்லிவிட நாக்கு துடிக்கும். சொன்னால் மீதித் தாள்கள் வெறும் காகிதம். தாள் விநியோகிப்பதில் ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம் போகும், எனவே பெஞ்சுக்கு ஒரு கவர் என்று முன்பே பிரித்து வைத்துவிடுங்கள். பெரிய குறை ஒன்று இருக்கிறது. எந்தத் தகவல் முக்கியம் என்பதை நாமே வரிசைப்படுத்திக் கொடுத்துவிடுகிறோம். 20 பக்கக் குப்பையிலிருந்து தேவையானதைப் பொறுக்கும் பழக்கம் இதில் வராது. வேலைக்குப் போனால் அந்தப் பழக்கம்தான் முதலில் தேவைப்படும்.

## நாமே எழுதும் நம் ஊர் கேஸ்

இட்லி மாவு விற்கும் ஒரு அக்காவைப் பற்றி நான் எழுதியது மூன்று பக்கம். வீட்டுக் கிரைண்டரில் தொடங்கி இரண்டு டில்டிங் கிரைண்டர் வரை வந்தவர். சுற்றியுள்ள மளிகைக் கடைகளுக்குத் தினமும் பாக்கெட் போடுகிறார். விற்காமல் புளித்தால் அவரே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு சூப்பர் மார்க்கெட் தினம் 100 பாக்கெட் கேட்கிறது. பணம் 45 நாள் கழித்து. ஒத்துக்கொள்வதா? உழைக்கும் மூலதனம், அதாவது அன்றாட வியாபாரத்தைச் சுழற்றத் தேவைப்படும் பணம், என்ற பாடத்துக்காக எழுதியது. நான் தயார்செய்து வைத்திருந்த விடை: ரிட்டர்ன் எடுப்பதை நிறுத்தினாலே போதும், சூப்பர் மார்க்கெட் தேவையில்லை.

வகுப்பில் ஒரு மாணவர், வீட்டில் மளிகைக் கடை வைத்திருப்பவர், எழுந்து சொன்னார்: "ரிட்டர்ன் எடுக்கவில்லை என்றால் நாங்கள் அந்தப் பாக்கெட்டை ஃபிரிட்ஜில் முன்னால் வைக்கவே மாட்டோம் சார். எடுக்கிற ஆளின் மாவைத்தான் முன்னால் வைப்போம்." என் விடை அங்கேயே உடைந்தது. அடுத்து இன்னொரு பெண், மே மாதத்தில் மாவு எத்தனை மணி நேரத்தில் பொங்கும், ஐப்பசியில் எத்தனை மணி நேரம் என்று அம்மா சொன்ன கணக்கை எடுத்துப் போட்டாள். ரிட்டர்ன் சதவீதம் மாதத்துக்கு மாதம் மாறும் என்பது என் கேஸில் இல்லவே இல்லை. அடுத்த வருடப் பிரதியில் சேர்த்தேன். வாங்கிய கேஸில் ஆசிரியருக்குத் தெரிந்தது அதிகம், பிள்ளைக்குத் தெரிந்தது குறைவு. இதில் தட்டு சமமாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதினாலும் வாதம் தமிழில்தான் வரும், வரட்டும், தடுக்காதீர்கள்.

ஆனால் உழைப்பு கடுமை. ஐந்து தடவை நேரில் போனேன். விடியற்காலை 4 மணிக்கு மாவு ஆட்டும் நேரத்தில் போனால்தான் உண்மையான கணக்கு வெளியே வந்தது. மூன்று மாதம் ஆனது.

அதைவிடப் பெரிய அடி அதற்கு முன்னால் பட்டது. ஒரு சிறு பனியன் யூனிட்டைப் பற்றி எழுதி முடித்து, முதலாளிக்குப் படித்துக் காட்டினேன். எல்லாம் சரி என்றவர் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, வேண்டாம் என்றார். கடன் எவ்வளவு என்பது உறவுக்காரப் பிள்ளை யாராவது வகுப்பில் இருந்து படித்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று அவருக்குப் பயம். நியாயமான பயம்தான். நான்கு மாத வேலையைத் தூக்கி வைத்தேன்.

அதிலிருந்து செய்வது இது. முதல் சந்திப்பிலேயே, வகுப்பில் பயன்படுத்த எழுத்தில் சம்மதம். பெயர், ஊர், தேவைப்பட்டால் பொருள்கூட மாற்றம். பண எண்கள் எல்லாவற்றையும் ஒரே எண்ணால், உதாரணமாக 1.4ஆல் பெருக்கிவிடுவேன். அப்போது லாப விகிதம், கடன் விகிதம் எல்லாம் அப்படியே இருக்கும்; யாருடைய கணக்கு என்பது மட்டும் தெரியாது. வகுப்பில் கொடுப்பதற்கு முன் இன்னொரு தடவை அவருக்குப் படித்துக் காட்டுவேன்.

நிரந்தர வேலையில் இருப்பவர்கள், அதே பாடத்தை அடுத்த மூன்று வருடமாவது எடுக்கப் போகிறவர்கள் இதில் இறங்கலாம். ஒரு செமஸ்டருக்கு மட்டும் பாடம் மாற்றிக் கொடுத்திருந்தால் வேண்டாம், உழைப்பு திரும்பாது. நடுவழியாக ஒன்று இருக்கிறது: பிள்ளைகளையே குழுவாக அனுப்பி ஒரு கடையைப் பற்றி எழுதிவரச் சொல்வது. எழுதிவருவதில் பாதி பயன்படாது. ஆனால் நல்ல இரண்டு மூன்று கிடைக்கும். சம்மதம் வாங்கி, செதுக்கி, அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். எழுதியவர்கள் பெயரை அதில் கட்டாயம் போடுங்கள்.

## கேஸே வேண்டாத இடங்கள்

அடிப்படை தெரியாத இடத்தில் கேஸ் வைத்தால் யூகம்தான் மிஞ்சும். இருப்புநிலைக் குறிப்பு படிக்கத் தெரியாதவர்களிடம் நிதிக் கேஸ் கொடுத்தால் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்லிவிட்டுக் கலைவார்கள். முதல் இரண்டு யூனிட்டை நன்றாக லெக்சர் எடுங்கள், நடுநடுவே உதாரணம் சொல்லுங்கள். விடை ஒன்றே ஒன்றுதான் என்ற விஷயத்துக்கும் கேஸ் தேவையில்லை. கணக்குப் போடவைத்தால் போதும்.

1969இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் மருத்துவப் படிப்பில் தொடங்கியது போல, பிரச்சினையை முதலில் கொடுத்து அடிப்படையையும் பிள்ளைகளையே தேடிக் கற்கவைக்கும் வழியும் இருக்கிறது. அது சின்னச் சின்னக் குழுக்களுக்கு, குழுவுக்கு ஒரு வழிகாட்டியோடு அமைத்தது. ஒரே ஆசிரியர், 60 பேர் என்ற இடத்தில் அதைத் தனியாளாகத் தொடங்காதீர்கள்.

## உங்கள் நிலைமைக்கு

முதல் தடவை நடத்துகிறீர்கள், ஒரே பீரியட்தான் இருக்கிறது, பெரிய வகுப்பு: துண்டு கேஸ். இரண்டு மூன்று தடவை அதை நடத்திக் கை பழகிய பிறகு மற்றதைப் பாருங்கள்.

பிள்ளைகள் பேசவே தயங்குகிறார்கள், ஆங்கிலம்தான் தடை: நம் ஊர் கேஸ், ஒரே பக்கம் என்றாலும் பரவாயில்லை. முதல் செருப்புக் கம்பெனி கேஸும் ஒரு பக்கம்தான்.

வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் இறுதியாண்டு: வாங்கிய முழு கேஸ், ஆனால் செமஸ்டருக்கு இரண்டு போதும். பத்து கேஸ் என்று திட்டம் போட்டு அதில் ஏழு கேஸை நுனிப்புல் மேய்வதைவிட இரண்டை முழுதாக நடத்துவது எவ்வளவோ மேல்.

நான் இப்போது செமஸ்டரைப் பிரிப்பது இப்படி: மூன்றாவது வாரம் ஒரு துண்டு கேஸ், முதல் இன்டர்னல் முடிந்ததும் நம் ஊர் கேஸ், கடைசி மாதத்தில் வாங்கிய கேஸ் ஒன்று. அந்தக் கடைசி ஒன்றுக்கு மட்டும் அடுத்தடுத்து இரண்டு பீரியட் வேண்டும். டைம்டேபிள் போடுபவரிடம் ஜூன் மாதமே போய் உட்கார்ந்து, வாரத்தில் ஒரு நாளாவது உங்கள் இரண்டு மணியைச் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். லேப் அட்டவணை வருவதற்கு முன்னால் கேட்டால் கொடுத்துவிடுவார். ஆகஸ்டில் கேட்டால் கிடைக்காது.